உயிருடன் பிறந்துவிட்டால்...? – ஒரு சட்டத்தின் கதை

2002ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் அதிபர் ஜார்ஜ் புஷ் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மிகச் சின்னச் சட்டம். அது சொல்வது இவ்வளவுதான்: தாயின் உடலில் இருந்து முழுதாக வெளியே வந்த பிறகு மூச்சு விட்டாலோ, இதயம் துடித்தாலோ, தொப்புள்கொடியில் துடிப்பு இருந்தாலோ, தசைகளைத் தானாக அசைத்தாலோ, அது உயிருடன் பிறந்த குழந்தை. எத்தனை வாரத்தில் பிறந்தாலும் சரி. சுகப்பிரசவம், சிசேரியன், கருக்கலைப்பு என்று எந்த வழியில் வெளியே வந்தாலும் சரி. மத்திய அரசின் சட்டங்களில் 'மனிதர்', 'நபர்', 'குழந்தை' என்ற சொற்கள் வரும் இடங்களில் எல்லாம் அந்தக் குழந்தையும் சேர்த்தி.

இதைக் கேட்டதும் யாருக்கும் முதலில் தோன்றுவது, "இதற்கெல்லாமா ஒரு சட்டம்?" என்பதுதான். பிறந்த குழந்தை மனிதர்தான் என்று ஒரு நாடாளுமன்றம் உட்கார்ந்து எழுத வேண்டுமா? அமெரிக்காவிலும் அப்படித்தான் பலர் கேட்டார்கள். அதனால்தான் செனட்டில் ஒருவர்கூட எதிர்க்காமல் அந்தச் சட்டம் நிறைவேறியது. கருக்கலைப்பு என்றாலே இரண்டாகப் பிரிந்து நிற்கும் நாட்டில் இது அபூர்வம்!

ஆனால் அதே விஷயத்தைப் பற்றிய அடுத்த சட்ட மசோதா 2015இல் வந்தபோது நிலைமை தலைகீழ். பிறகு 2018, 2019, 2020, 2023, 2025 என்று மறுபடி மறுபடி வாக்கெடுப்பு நடந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு கட்சிகளும் ஏறக்குறைய நேர்க்கோடு போட்டதுபோலப் பிரிந்து நின்றன. பத்துப் பதினைந்து வருடங்களில் என்ன மாறியது? பிறந்த குழந்தை மனிதர் இல்லை என்று யாராவது சொல்ல ஆரம்பித்துவிட்டார்களா? இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

பழைய விதி

"உயிருடன் பிறந்தால்" என்ற நிபந்தனை புதியது அல்ல. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் இதை எழுதி வைத்திருக்கிறார். வயிற்றில் இருக்கும்போது யாரோ செய்த காரியத்தால் குழந்தை உள்ளேயே இறந்தால் அது பெரிய குற்றம்தான், ஆனால் கொலை இல்லை. அதே குழந்தை உயிருடன் பிறந்து, பிறகு அந்தக் காயத்தால் இறந்தால் அது கொலை. இதுதான் அவர் வகுத்த கோடு. அந்தக் காலத்தில் வயிற்றுக்குள் குழந்தை உயிரோடு இருந்ததா, எதனால் இறந்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. பிறப்பு மட்டும்தான் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த சாட்சி. அமெரிக்க நீதிமன்றங்களும் இந்த விதியை அப்படியே எடுத்துக்கொண்டன.

1973 ஜனவரி 22ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'ரோ எதிர் வேட்' வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கருக்கலைப்பு செய்துகொள்வது பெண்ணின் உரிமை என்று 7 நீதிபதிகளும், இல்லை என்று 2 நீதிபதிகளும் கூறினார்கள். அரசியல் சாசனத்தின் 14ஆவது திருத்தத்தில் வரும் 'நபர்' என்ற சொல் பிறக்காத கருவைக் குறிக்காது என்று தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹாரி பிளாக்மன் விளக்கினார். அதோடு இன்னொரு கோட்டையும் போட்டார். தாய்க்கு வெளியே உயிர்வாழும் திறன் கருவுக்கு வந்த பிறகு, அதாவது சுமார் 24 முதல் 28 வாரங்களுக்குப் பிறகு, மாநில அரசுகள் கருக்கலைப்பைத் தடை செய்யலாம். தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு.

ஆக, இப்போது இரண்டு கோடுகள். ஒன்று பிறப்பு. இன்னொன்று உயிர்வாழும் திறன். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் கருக்கலைப்பின்போது, வாழும் திறன் இன்னும் வராத ஒரு சிசு இதயத்துடிப்போடு வெளியே வந்துவிட்டால்? அது எந்தக் கோட்டுக்குள் வரும்? தீர்ப்பு இந்தக் கேள்விக்குள் போகவில்லை.

தத்துவப் பேராசிரியர்கள் இந்தக் கேள்வியை அதற்கு முன்பே தொட்டிருந்தார்கள். 1971இல் கருக்கலைப்பு உரிமையை ஆதரித்து ஜூடித் ஜார்விஸ் தாம்சன் எழுதிய கட்டுரை இன்றும் வகுப்புகளில் பாடமாக இருக்கிறது. அதிலேயே அவர் ஒரு எல்லையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். தன் உடலில் இருந்து கருவைப் பிரித்துக்கொள்ளும் உரிமை வேறு, அது சாக வேண்டும் என்று கேட்கும் உரிமை வேறு. பிரிந்த பிறகும் குழந்தை பிழைத்துக்கொண்டால், அதைக் கொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. அடுத்த வருடமே மைக்கேல் டூலி என்பவர் இதற்கு நேர் எதிராக எழுதினார். தான் தொடர்ந்து வாழ்கிறோம் என்ற உணர்வு இல்லாத எந்த உயிருக்கும் வாழும் உரிமை இல்லை, அதில் பச்சிளம் குழந்தையும் அடக்கம் என்பது அவர் வாதம். டூலியின் வாதத்தை எந்தச் சட்டமும் ஏற்கவில்லை. ஆனால் கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள் "பாருங்கள், இது எங்கே போய் முடியும் என்று" எனக் காட்டுவதற்கு அது பயன்பட்டது.

பாஸ்டனில் ஒரு வழக்கு

ரோ தீர்ப்பு வந்த அதே 1973ஆம் ஆண்டு அக்டோபரில், பாஸ்டன் நகரின் அரசு மருத்துவமனையில் கென்னத் எடலின் என்ற இளம் மருத்துவர் 17 வயதுப் பெண் ஒருத்திக்குக் கருக்கலைப்பு செய்தார். கரு 20 வாரத்தைத் தாண்டியிருந்தது. ஊசி மூலம் செய்யும் முறை பலனளிக்காததால், சிசேரியன்போலக் கருப்பையைத் திறந்து செய்ய வேண்டி வந்தது. சில மாதங்கள் கழித்து, வேறொரு விசாரணைக்காக வந்த அதிகாரிகள் பிணவறையில் அந்தச் சிசுவைப் பார்த்தார்கள். 1974இல் எடலின் மீது வழக்கு. குற்றச்சாட்டு: கொலைக் குற்றம் ஆகாத மரணம் விளைவித்தல்.

அரசு வழக்கறிஞரின் வாதம் இது. எடலின் கருப்பைக்குள் கையை விட்டு நஞ்சுக்கொடியைப் பிரித்துவிட்டார். அதன் பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி சுமார் 3 நிமிடம் காத்திருந்தார். நஞ்சுக்கொடி பிரிந்ததுமே குழந்தை தாயிடம் இருந்து பிரிந்துவிட்டது, அதாவது பிறந்துவிட்டது. மூச்சுவிட முடியாமல் அது உள்ளேயே இறந்தது. எடலின் தரப்போ, அப்படிக் காத்திருக்கவே இல்லை, வெளியே எடுத்தபோது உயிருக்கான அறிகுறியே இல்லை என்றது.

ஜூரியில் இருந்த 12 பேரும் வெள்ளையர்கள். எடலின் கறுப்பினத்தவர். பள்ளிகளில் இரு இனக் குழந்தைகளையும் சேர்த்துப் படிக்க வைக்கும் விவகாரத்தில் பாஸ்டன் கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம் அது. 1975 பிப்ரவரியில் அவர் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. ஆனால் சிறைத் தண்டனை இல்லை. ஒரு வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டும். 1976 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்து அவரை விடுவித்தது.

பிறப்பு என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும் ஒரு நொடி என்றுதான் கோக் நினைத்திருந்தார். அந்த நொடி எது என்பதிலேயே ஒரு நீதிமன்றம் ஆறு வாரம் தடுமாறியது. 'முழுமையாக வெளியே வந்த பிறகு' என்று 2002ஆம் வருடச் சட்டம் அழுத்திச் சொல்வதன் அவசியம் இந்த வழக்கைப் படித்தால் புரியும்.

மருத்துவம் நகர்த்திய கோடு

இதற்கிடையே மருத்துவம் வேகமாக மாறியது. 1963 ஆகஸ்டில் அதிபர் ஜான் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஒரு மகன் பிறந்தான். எடை சுமார் 2.1 கிலோ. நுரையீரல் முதிராததால் இரண்டே நாளில் இறந்தான். உலகத்தின் மிகச் சக்திவாய்ந்த மனிதராலும் காப்பாற்ற முடியவில்லை. இன்று அந்த எடையில் பிறக்கும் குழந்தை பிழைப்பது சாதாரண விஷயம். குறைப்பிரசவ ஆபத்து உள்ள தாய்க்கு ஊசி போட்டுச் சிசுவின் நுரையீரலை முதிரச் செய்யலாம் என்று 1972இல் நியூசிலாந்து மருத்துவர்கள் காட்டினார்கள். நுரையீரலுக்குள் செலுத்தும் செயற்கை மருந்து 1990இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2020இல் அலபாமாவில் 21 வாரம் 1 நாளில், வெறும் 420 கிராம் எடையில் பிறந்த ஒரு குழந்தை பிழைத்துக் கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம்பிடித்தது.

ஒரே மருத்துவமனையின் ஒரு மாடியில் 23 வாரக் குழந்தையைக் காப்பாற்றப் போராட்டம். இன்னொரு மாடியில் அதே 23 வாரத்தில் கருக்கலைப்பு. நர்ஸ்கள் பலருக்கு இதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

இன்னொரு பக்கம் கருக்கலைப்பு முறைகளும் மாறின. 1970களில் பனிக்குடத்துக்குள் உப்புக் கரைசலைச் செலுத்துவது பரவலாக இருந்தது. அதில் பெரும்பாலும் சிசு உள்ளேயே இறந்துவிடும். அதற்குப் பதிலாகப் பிரசவவலியைத் தூண்டும் மருந்துகள் வந்தபோது, தாய்க்கு ஆபத்து குறைந்தாலும் சிசு உயிருடன் வெளியே வரும் வாய்ப்பு கூடியது. 1981இல் பிலடெல்பியா இன்கொயரர் நாளிதழ் இதைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. மருத்துவர்கள் மிகவும் அஞ்சும் சிக்கல் என்ற பொருளில் அதற்குத் தலைப்பு. கலிபோர்னியாவில் உப்புக் கரைசல் முறையில் கருக்கலைப்பு நடந்தபோது 1977 ஏப்ரலில் உயிருடன் பிறந்து பிழைத்துக்கொண்ட ஜியானா ஜெசன், வளர்ந்து பெரியவளாகி 1996இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். "பெண்ணின் உரிமை என்றால், அன்று என் உரிமை எங்கே?" என்பதே அவர் கேள்வியின் சாரம்.

பேபி டோ

கருக்கலைப்போடு நேரடியாகச் சம்பந்தமில்லாத ஒரு சம்பவமும் இந்தக் கதையில் முக்கியம். 1982இல் இண்டியானா மாநிலத்தின் புளூமிங்டன் நகரில் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு குழந்தை பிறந்தது. உணவுக்குழாயிலும் குறை. அறுவை சிகிச்சை செய்தால் சரியாகக்கூடிய குறைதான். ஆனால் பெற்றோர் வேண்டாம் என்றார்கள். நீதிமன்றமும் தலையிடவில்லை. மேல்முறையீடு டெல்லி... அல்ல, வாஷிங்டன் போய்ச் சேருவதற்குள் குழந்தை பட்டினியால் இறந்தது. வெளியுலகத்துக்கு அதன் பெயர் 'பேபி டோ'.

நாடே அதிர்ந்தது. ரீகன் அரசு மருத்துவமனைகளில் அறிவிப்புப் பலகை வைக்கச் சொன்னது. ஊனமுள்ள குழந்தைக்குச் சிகிச்சை மறுக்கப்பட்டால் யாரும் போன் செய்து புகார் சொல்லலாம். மருத்துவர்கள் கொதித்தார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளைச் செல்லாது என்றது. ஆனால் அதற்குள், 1984இல், நாடாளுமன்றம் ஒரு நடுவழியைக் கண்டிருந்தது. சிகிச்சை மறுப்பது குழந்தையைப் புறக்கணிக்கும் குற்றம். ஆனால் மூன்று விதிவிலக்குகள்: குழந்தை மீள முடியாத மயக்கத்தில் இருந்தால், சிகிச்சை சாவைத் தள்ளிப்போடுவதாக மட்டுமே இருந்தால், சிகிச்சை பயனற்றதாகவும் குழந்தைக்குக் கொடுமையாகவும் இருந்தால்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் குழந்தை மனிதரா என்று யாரும் கேட்கவில்லை. மனிதர்தான். எந்தச் சிகிச்சை சரி, அதை யார் முடிவு செய்வது என்பதுதான் கேள்வி. 2015க்குப் பிறகு வந்த சண்டையின் விதை இதில் இருக்கிறது.

ஒரு நர்ஸும் ஒரு பேராசிரியரும்

சிகாகோவின் புறநகரான ஓக் லானில் பிரசவப் பிரிவில் வேலை பார்த்தவர் ஜில் ஸ்டானெக். 2000ஆம் ஆண்டு ஜூலையில் அவர் நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். தன் மருத்துவமனையில், குறைபாடுள்ள கருவைக் கலைக்கப் பிரசவவலியைத் தூண்டுவார்கள். சில குழந்தைகள் உயிருடன் பிறக்கும். எந்தச் சிகிச்சையும் தராமல் இறக்கும்வரை விட்டுவிடுவார்கள். ஒரு முறை டவுன் சிண்ட்ரோம் உள்ள, 21 அல்லது 22 வாரமே ஆன ஒரு குழந்தையை இன்னொரு நர்ஸ் அழுக்குத் துணிகள் போடும் அறைக்குக் கொண்டுபோனார். அது தனியாகச் சாகட்டும் என்று விட மனம் வராமல், ஸ்டானெக் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். 45 நிமிடம் கழித்து அது இறந்தது.

இல்லினாய் மாநில அரசு விசாரித்தது. இருக்கும் சட்டம் எதுவும் மீறப்படவில்லை என்று முடித்துக்கொண்டது. "அப்படியானால் சட்டத்தில்தான் ஓட்டை" என்றார்கள் ஸ்டானெக்கின் ஆதரவாளர்கள்.

இந்தச் சட்டத்துக்கான யோசனை அதற்கு முன்பே பிறந்திருந்தது. ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரிப் பேராசிரியர் ஹாட்லி ஆர்க்ஸ் 1980களின் கடைசியில் இருந்தே இதை வலியுறுத்தி வந்தார். கருக்கலைப்பை ஒரேயடியாகத் தடை செய்யக் கேட்க வேண்டாம். எல்லோரும் ஒப்புக்கொள்ளக்கூடிய மிகச் சிறிய முதல் அடியை வைப்போம் என்பது அவர் திட்டம். தன் நோக்கத்தை அவர் மறைக்கவும் இல்லை. பிறந்த குழந்தையின் மதிப்பு தாய் அதை விரும்புகிறாளா இல்லையா என்பதைப் பொறுத்தது அல்ல என்று எதிர்த்தரப்பு ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால் போதும். பிறகு, "ஐந்து நிமிடத்துக்கு முன்பு, உள்ளே இருந்தபோது மட்டும் அது வேறா?" என்று கேட்கலாம் அல்லவா?

கருக்கலைப்பு உரிமையின் ஆதரவாளர்களுக்கு இந்தக் கணக்கு புரியாமல் இல்லை. இருந்தாலும், எதிர்த்து வாக்களித்தால் பச்சைக் குழந்தையைக் கொல்ல ஆதரவு என்று ஆகிவிடும். 2000 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபையில் 380 பேர் ஆதரவு, 15 பேர் மட்டும் எதிர்ப்பு. 2001இல் செனட்டில் 98க்கு 0. கருக்கலைப்பு உரிமைக்காக உரக்கக் குரல் கொடுத்த பார்பரா பாக்சரும் ஆதரித்துப் பேசினார். இருக்கும் சட்டத்தை இது மாற்றவில்லை, ரோ தீர்ப்பைத் தொடவும் இல்லை என்பது ஜனநாயகக் கட்சியினரின் விளக்கம். பிறப்பதற்கு முந்தைய நிலையைப் பற்றி இந்தச் சட்டம் எதையும் கூட்டவோ குறைக்கவோ செய்யாது என்ற ஒரு பிரிவும் சேர்க்கப்பட்டது. 2002இல் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது.

அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. என்ன சிகிச்சை தர வேண்டும் என்ற சொல்லும் இல்லை. குழந்தை மருத்துவர்களின் சங்கத்தைச் சேர்ந்த நிபுணர் குழு, மிகவும் குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் மருத்துவர்கள் இதுவரை செய்துவந்ததை இந்தச் சட்டம் மாற்றக்கூடாது என்று கருத்துச் சொன்னது. எல்லோரும் ஒப்புக்கொண்டதற்குக் காரணமே, கடினமான கேள்வியை அது கேட்காமல் விட்டதுதான்.

மாநில அளவில் இதே சட்டம் அரசியல் ஆயுதம் ஆனது. இல்லினாய் மாநில செனட்டராக இருந்த பராக் ஒபாமா, 2003இல் தன் தலைமையில் இருந்த குழுவில் இந்த மசோதாவை எதிர்த்து வாக்களித்தார். பிழைக்கக்கூடிய குழந்தைக்குச் சிகிச்சை தர வேண்டும் என்று மாநிலத்தில் ஏற்கனவே சட்டம் இருக்கிறது என்பது அவர் பதில். 2008 அதிபர் தேர்தலில் எதிரிகள் அதைத் தோண்டி எடுத்துப் பிரசாரம் செய்தார்கள். 2005இலேயே இல்லினாய் அப்படி ஒரு சட்டத்தை நிறைவேற்றிவிட்டது என்பது வேறு விஷயம்.

சட்டம் இருந்தும்...

2010 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் கெர்மிட் காஸ்னல் என்ற மருத்துவரின் கிளினிக்கில் போலீஸ் சோதனை நடந்தது. போதை தரும் மாத்திரைகளுக்குச் சட்டவிரோதமாகச் சீட்டு எழுதித் தருகிறார் என்ற புகாருக்காகப் போனவர்கள், உள்ளே கண்டது வேறு. அசுத்தம், பயிற்சி இல்லாத ஊழியர்கள், ஜாடிகளிலும் ஃப்ரீசரிலும் சிசுக்களின் உடல்கள். பென்சில்வேனியாவில் 24 வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்பு செய்யக்கூடாது. அங்கே அதையும் தாண்டி நடந்திருந்தது. உயிருடன் பிறந்த குழந்தைகளின் கழுத்துக்குப் பின்னால் கத்தரிக்கோலால் தண்டுவடத்தை வெட்டிக் கொன்றார் என்று வழக்கு. 2013 மே மாதம் மூன்று குழந்தைகளைக் கொலை செய்ததற்காகவும், 2009இல் அளவுக்கு மீறிய மயக்க மருந்தால் கர்ணமாயா மோங்கர் என்ற அகதிப் பெண் இறந்ததற்காகவும் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. பரோல் இல்லாத ஆயுள் தண்டனை.

இந்த வழக்கை இரண்டு தரப்பும் தங்களுக்குச் சாதகமாகக் காட்டின. "பார்த்தீர்களா, இப்படி நடக்கிறது, கடுமையான சட்டம் வேண்டும்" என்றது ஒரு தரப்பு. "பார்த்தீர்களா, இருக்கிற கொலைச் சட்டமே போதும், அதில்தானே தண்டித்தீர்கள்" என்றது இன்னொரு தரப்பு. இரண்டு பேரும் சொல்லத் தயங்கிய உண்மை ஒன்று இருந்தது. அந்தக் கிளினிக்குக்கு 1993க்குப் பிறகு சுகாதாரத் துறை சோதனைக்குப் போகவே இல்லை. 17 வருடங்கள்! 2002இல் அதிபர் கையெழுத்துப் போட்ட சட்டம் அதே மாநிலத்தில், பிட்ஸ்பர்க்கில்தான் கையெழுத்தானது. அப்போதும் அந்தக் கதவை யாரும் தட்டவில்லை. அங்கே வந்த பெண்கள் பெரும்பாலும் ஏழைகள், கறுப்பினத்தவர், அகதிகள். ஏட்டில் மனிதர் என்று எழுதினால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

தண்டனை என்றதும் பிரிந்தார்கள்

காஸ்னல் வழக்கின் சூடு ஆறுவதற்குள் புதிய மசோதா தயாரானது. கருக்கலைப்பின்போது உயிருடன் பிறக்கும் குழந்தைக்கு, அதே வாரத்தில் பிறக்கும் வேறு எந்தக் குழந்தைக்கும் தரும் அதே கவனிப்பைத் தர வேண்டும். உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். மீறினால் மருத்துவருக்கு 5 வருடம் வரை சிறை. தாய் மீது வழக்குப் போட முடியாது.

2015 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபையில் 248 – 177 என்று நிறைவேறியது. 2019 பிப்ரவரியில் செனட்டில் 53 பேர் ஆதரவு, 44 பேர் எதிர்ப்பு. தேவையான 60 கிடைக்காமல் தோற்றது. 2023 ஜனவரியில் பிரதிநிதிகள் சபையில் 220 – 210. 2025 ஜனவரியில் மறுபடி செனட்டில் 52 – 47 என்று தோல்வி.

ஆதரிப்பவர்களின் வாதம் எளிமையானது. 2002ஆம் வருடச் சட்டம் பல் இல்லாத சட்டம். மீறினால் ஒன்றும் ஆகாது என்றால் அது எதற்கு? அந்தக் குழந்தையைக் கொண்டுவந்தது கருக்கலைப்பு என்பதால், அதைக் காப்பாற்ற வேண்டிய மருத்துவரே அது பிழைக்கக்கூடாது என்று வந்தவராக இருக்கிறார். அந்த இடத்தில் 'மருத்துவரின் முடிவுக்கு விட்டுவிடுங்கள்' என்று சொல்வது எப்படி நியாயம்? இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது.

எதிர்ப்பவர்கள் காட்டுவது வேறு ஒரு அறையை. 22 வாரத்தில் ஸ்கேன் எடுக்கிறார்கள். ஆசையாகக் காத்திருந்த குழந்தைக்குச் சிறுநீரகங்களே உருவாகவில்லை, அல்லது மூளையின் பெரும்பகுதி இல்லை என்று தெரிகிறது. பிறந்தால் சில நிமிடமோ சில மணி நேரமோதான். பெற்றோர் பிரசவவலியைத் தூண்டச் சொல்கிறார்கள். காரணம், ஒரு முறையாவது குழந்தையைக் கையில் ஏந்திப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். துணியில் சுற்றி, வலி தெரியாமல் மடியில் வைத்துக்கொள்வதுதான் அங்கே சிகிச்சை. சிறைக்குப் பயந்த மருத்துவர் அந்தக் குழந்தையைப் பிடுங்கி ஆம்புலன்ஸில் ஏற்றினால் யாருக்கு நன்மை? அதே கவனிப்பு என்றுதானே மசோதா சொல்கிறது, பிழைக்க வழியில்லாத குழந்தைக்கு மடியே போதும் என்று ஆதரவாளர்கள் பதில் சொன்னார்கள். 'உடனே மருத்துவமனையில் சேர்' என்ற வரியும் சிறைத்தண்டனையும் பக்கத்தில் இருக்கும்போது எந்த மருத்துவர் நிதானமாக முடிவெடுப்பார் என்று எதிர்த்தரப்பு திருப்பிக் கேட்டது.

2019 ஜனவரியில் வர்ஜீனியா கவர்னர் ரால்ப் நார்தம் ஒரு வானொலிப் பேட்டியில் இதைப் பற்றிப் பேசி மாட்டிக்கொண்டார். அவரே குழந்தைகளுக்கான நரம்பியல் மருத்துவர். அப்படிப்பட்ட குழந்தையைப் பிறக்கச் செய்து, வசதியாக வைத்திருந்து, பெற்றோர் விரும்பினால் உயிர்ப்பித்து, பிறகு மருத்துவரும் தாயும் பேசி முடிவெடுப்பார்கள் என்றார். பிழைக்க வாய்ப்பில்லாத குழந்தைகளைப் பற்றித்தான் சொன்னேன் என்று அவர் தரப்பு விளக்கியது. "பிறந்த பிறகும் கொல்லலாமா என்று பேசி முடிவெடுப்பார்களாம்!" என்று நாடு முழுக்கச் செய்தி பரவியது. கேட்டவர்கள் மனதில் இருந்தது காஸ்னலின் கத்தரிக்கோல். சொன்னவர் மனதில் இருந்தது துணியில் சுற்றிய குழந்தை. இரண்டும் ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டுவிட்டன.

எண்ணிக்கை என்ன சொல்கிறது? அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2003 முதல் 2014 வரையிலான இறப்புச் சான்றிதழ்களை ஆராய்ந்தது. அந்த 12 வருடங்களில், கருக்கலைப்பின்போது உயிருடன் பிறந்து இறந்ததாக உறுதியாகச் சொல்லக்கூடியவை 143. அவற்றில் 97இல் தாய்க்கு ஏதோ சிக்கல் இருந்தது, அல்லது குழந்தைக்குப் பிறவிக் குறை இருந்தது. உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாக இருக்கலாம் என்றும் அந்த மையமே சொன்னது. "இவ்வளவு குறைவுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று ஒருவர் கேட்கலாம். "143 உயிர் குறைவா?" என்று இன்னொருவர் கேட்கலாம். மீதி 46இல் என்ன நடந்தது என்பது அந்த எண்ணில் இல்லை.

மொன்டானா

2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் ரோ தீர்ப்பையே ரத்து செய்தது. அதே வருடம் நவம்பரில் மொன்டானா மாநிலத்தில் இந்த விஷயம் நேரடியாக மக்களிடம் வாக்கெடுப்புக்கு வந்தது. எந்த வாரத்தில் உயிருடன் பிறந்தாலும் குழந்தையைக் காப்பாற்ற நடவடிக்கை எடுக்க வேண்டும். தவறினால் 20 வருடம் வரை சிறை, 50,000 டாலர் வரை அபராதம். மொன்டானா குடியரசுக் கட்சியின் கோட்டை. சுலபமாக வெற்றி பெறும் என்றே பலர் எண்ணியிருந்தார்கள்.

ஆனால் பிரசாரத்தில் முன்னால் வந்து நின்றவர்கள் அரசியல்வாதிகள் இல்லை. குறைமாதக் குழந்தைகளைக் கவனிக்கும் மருத்துவர்களும், பிறந்த சில மணி நேரத்தில் குழந்தையை இழந்த பெற்றோரும். எங்கள் கடைசி நிமிடங்களை எங்களிடம் இருந்து பறிக்காதீர்கள் என்பதே அவர்கள் கோரிக்கை. வாக்காளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வேண்டாம் என்றார்கள். சட்டம் தோற்றது. அந்த மக்கள் எல்லோரும் கருக்கலைப்பை ஆதரிப்பவர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மசோதாவைப் படித்தபோது அவர்கள் கண்முன் வந்த அறை வேறு, அவ்வளவுதான்.

மிஞ்சும் கேள்வி

கோக் எழுதியதில் இருந்து இன்றுவரை ஒரு விஷயத்தில் சட்டம் அசையவில்லை. உயிருடன் பிறந்த குழந்தை மனிதர்தான். 2002இல் இரண்டு தரப்பும் அதைச் சேர்ந்தே சொன்னார்கள். இன்றும் அதில் சண்டை இல்லை. பிறந்த குழந்தை யார் என்பதற்குச் சட்டத்தால் ஒரு வரியில் பதில் சொல்ல முடிந்தது. அந்தக் குழந்தைக்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது நல்லது என்பதற்குத்தான் ஒரு வரியில் பதில் இல்லை. அதில்தான் நாடு பிரிந்து நிற்கிறது.

ஸ்டானெக் மடியில் வைத்திருந்த குழந்தையும், மொன்டானாவின் பெற்றோர் மடியில் வைத்திருந்த குழந்தையும் மருத்துவக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டுமே பிழைத்திருக்காது. ஒன்றை மனிதர் என்று நினைத்தவர் அந்த அறையில் அந்த நர்ஸ் மட்டும்தான். இன்னொன்றுக்குப் பெயர் இருந்தது, சுற்றி ஆட்கள் இருந்தார்கள். கடுமையான சட்டம் கேட்பவர்கள் இரண்டாவது அறைக்கும் பதில் சொல்ல வேண்டும். இருக்கும் சட்டமே போதும் என்பவர்கள் முதல் அறைக்கும், 17 வருடம் யாரும் தட்டாத அந்தக் கதவுக்கும் பதில் சொல்ல வேண்டும். இரண்டு அறைகளையும் ஒன்றாக வைத்துப் பேசிய சட்டம் இதுவரை வரவில்லை.